சொன்னதை அப்படியே செய்யும் பிள்ளை: சிரிப்புக் கதை எழுதும் முறை

அம்மா "முற்றத்தைக் கூட்டு" என்கிறார். அன்றுதான் பள்ளிக்கூடத்தில் கூட்டல் கணக்குப் படித்துவிட்டு வந்த மகள், கொப்பியும் பென்சிலுமாக மாமரத்தடியில் உட்கார்ந்து, உதிர்ந்து கிடக்கும் இலைகளை எண்ணிக் கூட்டத் தொடங்குகிறாள். காற்று ஒரு தரம் அடிக்கிறது. விடை பிழைத்துவிடுகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

இந்த வகைக் கதையை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். இதுவரை ஒரு கதையும் எழுதாதவர்களுக்கான விளக்கம் இது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு எழுதுகிறேன், ஆகவே வளவும் வாவியும் சந்தையும் நடுவே வந்து போகும்.

சரக்கு பழையது. வீரமாமுனிவர் (1680–1747) எழுதிய பரமார்த்த குரு கதையில் குதிரைமேல் போகும் குருவின் தலைப்பாகை விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் பேசாமல் வருகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு சொன்னதும் குதிரையின் சாணத்தையும் ஏந்திக்கொள்கிறார்கள். கடைசியில் எடுக்கவேண்டிய பொருள்களுக்கு ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. பிறகு குருவே குழியில் விழுகிறார். பட்டியலில் அவர் இல்லை! நாட்டார் கதைகளை வகைப்படுத்தும் ஆர்ன்–தாம்சன்–உத்தர் அட்டவணையிலும் இதன் நெருங்கிய உறவுக்கு 1696 என்று தனி எண் உண்டு: ஒவ்வொரு தவறுக்கும் ஒரு திருத்தம் கேட்டுக்கொண்டு, அதை அடுத்த இடத்தில் பொருந்தாமல் செய்துவைப்பவனின் கதை. இரண்டிலும் கதையை ஓட்டுவது ஒன்றுதான். பெரியவர் சொல்லும் திருத்தமே அடுத்த குழப்பத்துக்கு விதை.

முதற்படி: கட்டளையைப் பிடியுங்கள்

கற்பனை செய்யவேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டால் போதும். வீட்டில் பெரியவர்கள் அவசரத்தில் சொல்வதை ஒரு கொப்பியில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "விளக்கை ஏற்று." "யார் வந்தாலும் என்னைக் கூப்பிடு." "தம்பி அழாமல் பார்த்துக்கொள்." சிரிப்புக்காகத் திருகிய கட்டளை வேண்டாம். நடைமுறையில் ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல, பொங்கி வழியும்வரை பார்த்துக்கொண்டே நின்ற கதையை விட்டுவிடுங்கள். அதைக் கேட்காத வீடே கிடையாது. அடுப்பு, கிணறு, மின்சாரம் சம்பந்தப்பட்ட கட்டளைகளும் வேண்டாம். கேட்கிற பிள்ளை நாளைக்கு அதைச் செய்து பார்க்கும்.

இரண்டாம் படி: ஓட்டையைத் தேடுங்கள்

கட்டளையில் இரண்டு விதமான ஓட்டைகள் இருக்கும். ஒன்று, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள்: கூட்டு, ஏற்று, கேள். மற்றது, சொல்லாமல் விட்ட விபரம்: எங்கே, எத்தனை, எதுவரை. இரண்டும் ஒரே கட்டளையில் அமைந்தால் அதை விடவே கூடாது. நமது உதாரணக் கதைக்கு அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அம்மம்மா பேரனிடம் சொல்கிறார்: "இங்கே மீன் பாடுமாம், மகன். போய்க் கேட்டுவிட்டு வா."

மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறுநுனியில் காதை வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பார்கள். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் வாவியில் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். அப்போதைய மீனவர்கள் பாடுவது மீன் இல்லை, ஊரி என்ற சிப்பிவகை உயிர் என்றுதான் அவரிடம் சொன்னார்களாம். இவ்வளவும் அம்மம்மாவின் மனதில் இருக்கிறது. வாயில் வந்ததோ ஏழே சொல். அந்த இடைவெளிதான் நமது கதை.

மூன்றாம் படி: பிள்ளையின் நியாயத்தை எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பிள்ளையை மக்கு ஆக்கிவிடுகிறார்கள். மக்கைப் பார்த்துச் சிரிப்பதில் ருசி இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை தன்னையே கேலி செய்வதாக நினைத்துவிடவும் கூடும். கதைப் பிள்ளை கெட்டிக்காரனாக இருக்கட்டும். அவன் செய்வது ஒவ்வொன்றும் கட்டளைக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்தவேண்டும். தவறு எங்கே என்று பெரியவர் தேடினால், தன் வாயில்தான் அதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

நமது பேரனைச் சின்னவன் என்று வைத்துக்கொள்வோம். கேட்கச் சொன்னால் கேட்கவேண்டியதுதானே? மீன் எங்கே இருக்கும்? சந்தையில். மீன் கடையின் பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி கிடக்கும் ஒரு பாரையை உற்றுப் பார்க்கிறான். வாய் திறந்திருக்கிறது, ஆக, தொடங்கப் போகிறது.

"எந்த மீன் வேண்டும், மகன்?"

"ஒன்றும் வேண்டாம், மாமா. இவர் பாடுவாரா என்று கேட்க வந்தேன்."

"அவரா? அவர் விடிய நான்கு மணிக்கே பாட்டை நிறுத்திவிட்டார்."

சின்னவன் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். கச்சேரி முடிந்துவிட்டது என்ற செய்தியோடு.

உரையாடலை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதலாம், இன்னும் கலகலப்பாக இருக்கும். நான் இங்கே எழுத்து நடையில் தருகிறேன்.

நான்காம் படி: திருத்தமே அடுத்த வம்பு

அம்மம்மா தலையில் கை வைக்கிறார். "செத்த மீனா பாடும்? தண்ணீரில் இருக்கிற மீன்தான் பாடும்!" திருத்தம் சரியானது, ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. சின்னவன் குசினிக்குப் போய், கறிக்கு வைத்திருந்த மீனை எடுத்து, வாளித் தண்ணீரில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான். பூனையும் வந்து உட்காருகிறது. அதற்குப் பாட்டில் அக்கறை இல்லை.

மூன்றாம் முறை அம்மம்மா ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுகிறார்: "வாளியில் இல்லை, வாவியில்! பூரணையன்று இரவு, அப்பாவோடு தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுநுனியில் காதை வைத்துக் கேள்!" பாருங்கள், இடம், நேரம், துணை, கருவி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் முதல் ஓட்டை அப்படியே கிடக்கிறது. சின்னவன் சொன்னபடியே போகிறான். துடுப்பில் காதை வைக்கிறான். பிறகு வாவியே அதிரும்படி கேட்கிறான்: "பாடுகிறீர்களா?"

மூன்று சுற்று போதும். நான்காவதைப் பிள்ளைகள் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: பெரியவர்

அடிக்கவேண்டாம், நீண்ட பிரசங்கமும் வேண்டாம். கோபம் வரலாம், அதில் கொஞ்சம் தன்மேலேயே வந்த எரிச்சல் தெரியவேண்டும்.

ஆறாம் படி: முடிப்பு

கடைசிச் சொல் பிள்ளையுடையதாக இருக்கட்டும். தோணி கரைக்கு வந்த பிறகு:

"என்ன மகன், மீன் பாடியதைக் கேட்டாயா?"

"கேட்டேன், அம்மம்மா."

"என்ன கேட்டது?"

"அது ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்."

இதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதாதீர்கள். "ஆகவே தெளிவாகப் பேசவேண்டும்" என்று ஒரு நீதியை ஒட்டத் தோன்றும். ஒட்டினால் அதுவரை சிரித்த பிள்ளைக்குப் பாட ஞாபகம் வந்துவிடும்.

ஏழாம் படி: வாசித்துக் காட்டுங்கள்

இரட்டைப் பொருள் வேடிக்கையைப் பிள்ளைகள் பொதுவாக ஆறு முதல் எட்டு வயதுக்குள் ரசிக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே தரம் 2, 3 பிள்ளைகள் நல்ல சோதனைக்காரர்கள். அதைவிடச் சின்னவர்கள் பூனை வந்த இடத்தில் மட்டும் சிரிப்பார்கள். அதுவும் நல்லதுதான், பூனையை எடுத்துவிடாதீர்கள். "வாளியில் இல்லை, வாவியில்" என்ற இடத்தை மெதுவாக வாசியுங்கள், வேகமாகப் போனால் இரண்டும் ஒன்றாகிவிடும். சிரிப்பு எங்கே என்று நீங்கள் விளக்கவேண்டி வந்தால் அந்தக் கட்டளையைத் தூக்கிவிட்டு வேறொன்று போடுங்கள். கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே "அவன் சரியாகத்தானே செய்தான்!" என்று ஒரு பிள்ளை சின்னவனுக்காகச் சண்டைக்கு வந்தால், மூன்றாம் படி நன்றாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

பழகிப் பார்க்க இரண்டு தருகிறேன். கொக்கட்டிச்சோலைச் சிவன் கோயிலில் கல் நந்தி புல் தின்ற கதையைக் கேட்ட பிள்ளையிடம் "நந்தியைப் பார்த்துவிட்டு வா" என்கிறார்கள். அவள் ஒரு கட்டுப் புல்லோடு போய், நந்தி எப்போது எழும்பும் என்று காத்திருக்கிறாள். இதில் சிரிப்பு அவளுடைய பொறுமையில் இருக்கட்டும், கோயிலின் மேல் போகவேண்டாம். மற்றது "யார் வந்தாலும் என்னைக் கூப்பிடு." பின்னேரம் நான்கு மணி, படலைக்கு வெளியே ஒரு தெரு, அம்மா குளித்துக்கொண்டிருக்கிறார். முதலில் வருவது ஒரு காகம்.