வால்டையரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் வில்ஹெல்ம் வால்டையரைப் (1836–1921) பற்றித் தமிழில் குறிப்பு எழுத முனைபவர், முதலில் அவர் கண்டறிந்தவை, அவர் பெயர் சூட்டியவை, அவர் பெயரால் வழங்குபவை என மூன்று பட்டியல்களைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றைக் கலந்துவிட்டால் ‘குரோமோசோமைக் கண்டுபிடித்தவர்’ என்ற பிழை எளிதில் நுழைந்துவிடும்.

முதற்பட்டியலில் புற்றுநோய் ஆய்வை வையுங்கள். கார்சினோமா என்னும் புற்றுநோய் வகை இணைப்புத் திசுவில் தோன்றுகிறது என்று ஜெர்மானிய நோயியல் அறிஞர் விர்ச்சோ கருதிய காலத்தில், அது உடலின் பரப்புகளைப் போர்த்தும் எபிதீலியச் செல்களிலிருந்தே தோன்றி, இரத்தம், நிணநீர் ஆகியவற்றின் வழியே பரவுகிறது என்று வால்டையர் எடுத்துக்காட்டினார். குறிப்பில் மிகுதியான இடம் பெறத் தக்கது இதுவே என்பது என் கருத்து.

இரண்டாம் பட்டியலுக்குத்தான் மிகுந்த கவனம் தேவை. செல் ஆய்வாளர் பிளெம்மிங் முதலியோர் பிரியும் செல்களில் முன்பே கண்டு விவரித்த, சாயம் ஏற்கும் இழைகளுக்கு அவர் 1888இல் ‘குரோமோசோம்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘நிற உடல்’ எனப் பொருள்படும் அச்சொல்லின் முற்பாதி, ‘நிறப்புரி’ என்பதிலும் இலங்கைப் பாடநூல்களின் ‘நிறமூர்த்தம்’ என்பதிலும் தங்கியிருக்கிறது; இரண்டில் எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே ஆளுங்கள். 1891இல் ஸ்பானிய நரம்பியல் அறிஞர் கஹால் முதலியோரின் முடிவுகளைத் தொகுத்து, நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது என்று விளக்கி, அச்செல்லுக்கு ‘நியூரான்’ என்று பெயர் வைத்தார். சிதறிக் கிடந்த முடிவுகளை ஒரே கொள்கையாக நிறுத்திக் காட்டிய அந்தத் தொகுப்புரையைச் சிறிய பணியாகக் கருதிவிடக் கூடாது. எனினும் நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906இல் நோபல் பரிசு பெற்றவர்கள் இத்தாலிய அறிஞர் கோல்கியும் கஹாலுமே.

மூன்றாவதில் தொண்டையைச் சூழ்ந்த டான்சில் திசுக்களின் ‘வால்டையர் வளையம்’ ஒன்றே போதும்.

பணி வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். கணிதமும் இயற்கை அறிவியலும் படிக்க ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சென்றவரை, அங்கிருந்த பேராசிரியர் ஹென்லேயின் உடற்கூறியல் விரிவுரைகள் மருத்துவத்தின் பக்கம் திருப்பின. பின்னர் பிரெஸ்லாவிலும், 1872 முதல் ஸ்ட்ராஸ்பூர்கிலும், 1883 முதல் பெர்லினிலும் பேராசிரியராக இருந்தார். பிரெஸ்லாவ் இன்று போலந்திலும் ஸ்ட்ராஸ்பூர்க் பிரான்சிலும் உள்ளன என்பதை ஒருமுறை சுட்டினால் வாசகர் குழம்பமாட்டார். குரோமோசோம் என்ற சொல்லைத் தந்த அதே 1888இல், பெண்கள் மருத்துவம் பயில்வதை எதிர்த்துக் கொலோன் நகரில் அவர் உரையாற்றியதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

தகவல் தேடும்போது ஒன்றை நினைவில் கொள்க: 1916இல் பிரபுப் பட்டம் பெற்றபின் அவர் பெயர் ‘ஃபொன் வால்டையர்-ஹார்ட்ஸ்’ ஆயிற்று, ஆகவே இரு பெயர்களிலும் தேட வேண்டும்.