டொமைன் கேஸுக்கு வக்கீல் பிடிப்பது எப்படி? கரூரிலிருந்து ஒரு ஏற்றுமதிக்காரியின் அனுபவம்

2023 ஜனவரி, ஃப்ராங்க்பர்ட். ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியில் எங்கள் கிச்சன் டவலையும் ஏப்ரனையும் அடுக்கி வைத்து நின்றுகொண்டிருந்தேன். ஒரு பையர் என் விசிட்டிங் கார்டில் இருந்த இணைய முகவரியை அங்கேயே போனில் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினார். மேலே எங்கள் கம்பெனிப் பெயர். கீழே வேறு யாரோ விற்கும் பெட்ஷீட் விளம்பரங்கள். மூலையில், இந்த டொமைன் விற்பனைக்கு என்று ஒரு வரி.

2006 முதல் எங்களிடம் இருந்த டொமைன், அதாவது இணையதளப் பெயர், அது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம், வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையனின் ஐடிக்குப் போயிருக்கின்றன. நாங்கள் ஜிமெயிலிலேயே தொழில் நடத்தியதால் டொமைன் போனது தெரியவே இல்லை. .காம் பெயர் காலாவதியானால், ரிஜிஸ்ட்ராரை (டொமைனைப் பதிவு செய்து தரும் கம்பெனியை) பொறுத்து 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கலாம். அதற்குப் பிறகும் 30 நாள், அபராதம் கட்டி மீட்கலாம். இரண்டையும் தவறவிட்டிருந்தோம். எடுத்தவனிடம் வேறு பெயரில் விலை கேட்டபோது 8,000 டாலர் என்று பதில் வந்தது.

ஊருக்கு வந்ததும் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிலப் பிரச்சினை, செக் பவுன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக் கொடுத்த வக்கீல் அண்ணனிடம் போனேன். நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை குறையவில்லை. "ஒரு நோட்டீஸ் விட்டாப் போதும்மா, அலறியடிச்சுட்டு வருவான்" என்றார். விட்டோம். பத்தே நாளில் அந்த டொமைன் வேறொரு நாட்டு ரிஜிஸ்ட்ராருக்கு, வேறொரு பெயருக்கு மாறிவிட்டது. விளம்பரங்களையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்குச் சாதகமான சாட்சியை நாங்களே நோட்டீஸ் போட்டு அழித்த மாதிரி ஆனது. கண்காட்சியில் அன்று இரவே என் தம்பி மகன் திரையைப் படம் எடுத்து, தேதியோடு சேமித்து வைத்திருந்தான். கேஸைக் காப்பாற்றியது அதுதான்.

அதனால் வக்கீலைத் தேடும் முன்பே செய்யவேண்டிய வேலை இது: அந்தப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டு, எந்த ரிஜிஸ்ட்ரார், எந்தத் தேதியில் பதிவு என்பதையும் சேமியுங்கள். 2018க்குப் பிறகு உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்தே இருக்கும்; பரவாயில்லை. எதிராளிக்கு நீங்களாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். நான் விலை கேட்டது அதிர்ஷ்டவசமாக எனக்குச் சாட்சியாக உதவியது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இனி வக்கீல். இதற்குப் பொதுவாக மூன்று வாசல்கள் இருக்கின்றன. எந்த வாசலைத் தட்டவேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே காரணத்தோடு சொல்லத் தெரிந்தவர்தான் உங்களுக்கு வேண்டிய ஆள்.

.காம், .நெட், .ஆர்க் போன்றவற்றுக்கு 1999இல் ஐகேன் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி.; டொமைன் தகராறைக் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவர் மூலம் தீர்க்கும் நடைமுறை. புகாரை ஜெனீவாவில் இருக்கும் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் (வைப்போ) நடுவர் மையத்திடம் கொடுக்கலாம்; வேறு சில மையங்களும் உண்டு. யாரும் நேரில் போகவேண்டியதில்லை, எல்லாம் மெயிலில்தான். மூன்று விஷயங்களை நிரூபிக்கவேண்டும். டொமைன் உங்கள் டிரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது. எதிராளிக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து, கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறார். மூன்றில் ஒன்று விழுந்தாலும் கேஸ் விழும். ஜெயித்தால் டொமைன் கைக்கு வரும், அல்லது ரத்தாகும். நஷ்டஈடு ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

.இன் என்றால், அந்தப் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பு நடத்தும் ஐ.என்.டி.ஆர்.பி. என்ற இதே மாதிரி நடைமுறை. அங்கே ஒரே ஒரு நடுவர், 1996ஆம் வருட நடுவர் மன்றச் சட்டத்தின்படி தீர்ப்புச் சொல்வார். கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருந்தாலோ, பயன்படுத்தினாலோ, ஏதாவது ஒன்றே அங்கே போதும். இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத வக்கீலிடம் .இன் கேஸைக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, கோர்ட். டொமைனுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. டிரேட்மார்க் சட்டத்தை வைத்துத்தான் வாதாடவேண்டும். சிஃபி என்ற பெயருக்காக சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. அந்தத் தீர்ப்பு தெரியாமல் இந்தத் துறையில் யாரும் இருக்க முடியாது. உங்கள் பெயரில் மெயில் அனுப்பி பையரிடம் வேறு பேங்க் அக்கவுண்டைக் கொடுக்கிறார்கள் என்றால் ஜெனீவாவுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்து சைபர் கிரைமில் புகார் கொடுத்துவிட்டு, அவசரத் தடை உத்தரவுக்குக் கோர்ட்டுக்குத்தான் ஓடவேண்டும்.

நான் நல்ல வக்கீலைக் கண்டுபிடித்த வழி ரொம்பச் சாதாரணமானது. வைப்போ தன் தீர்ப்புகளை எல்லாம் இணையத்தில் போடுகிறது. ஒவ்வொரு தீர்ப்பிலும் முதல் பகுதியிலேயே புகார் கொடுத்தவர் யார், அவர் சார்பில் ஆஜரானது யார் என்று எழுதியிருக்கும். இந்தியக் கம்பெனிகள் கொடுத்த புகார்களாகத் தேடி, மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம் கடினமாக இல்லை. திரும்பத் திரும்ப வந்த பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். ஜெயித்ததா தோற்றதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். எதிராளி பதிலே போடாத கேஸில் ஜெயிப்பது ஓரளவு சுலபம். எதிராளி பதில் போட்டு, மல்லுக்கட்டி, அதற்குப் பிறகும் ஜெயித்த வக்கீல் யார் என்று பாருங்கள். புகாரே அநியாயமானது, டொமைனை அபகரிக்கப் பார்க்கிறார்கள் என்று நடுவர் கண்டித்த தீர்ப்புகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட புகாரை எழுதிக்கொடுத்தவர் பெயரை அடித்துவிடுங்கள். .இன் தீர்ப்புகளையும் இதே மாதிரி நிக்சியின் .இன் ரிஜிஸ்ட்ரி தளத்தில் படிக்கலாம்.

கூகுளில் மேலே வரும் விளம்பரத்தை நம்பிப் போகவேண்டாம். நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. யூ.டி.ஆர்.பி.யில் புகார் தாக்கல் செய்ய வக்கீலாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் ஏஜென்சிகளும் இறங்குகின்றன. பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், தப்பில்லை. "டொமைன் கிடைத்தால் அதன் மதிப்பில் இத்தனை சதவீதம் கொடுங்கள்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெற்றியைப் பொறுத்து ஃபீஸ் வாங்குவதும் நம் வக்கீல்களுக்கு விதிப்படி கூடாது. விதியைத் தொழிலின் வாசலிலேயே மீறுகிறவர் என் கேஸை எப்படி நடத்துவார் என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

கடைசியில் சென்னையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "டிரேட்மார்க் எந்த வருஷம் மேடம்? இப்ப வச்சிருக்கிறவர் டொமைனை எப்ப எடுத்தார்?" எங்கள் டிரேட்மார்க் 2011இல் பதிவானது, வீட்டு உபயோகத் துணிகளுக்கான 24ஆம் வகுப்பில். அவன் எடுத்தது 2022இல். "அப்ப பேசலாம்" என்றார். தேதி தலைகீழாக இருந்தால், அதாவது அவன் எடுத்த பிறகு நாங்கள் டிரேட்மார்க் வாங்கியிருந்தால், பணத்தை வீணாக்காதீர்கள் என்றே சொல்லியிருப்பாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து, முன்பே நோட்டீஸ் விட்டோமா என்று கேட்டார். விட்டோம் என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. யூ.டி.ஆர்.பி.யில் புகார் போனதும், எதிராளிக்குத் தகவல் போகும் முன்பே ரிஜிஸ்ட்ரார் டொமைனைப் பூட்டிவிடவேண்டும். கை மாற்றிவிட்டு ஓடுவதைத் தடுக்கத்தான் 2015இல் அப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று விளக்கினார். நோட்டீஸ் இல்லாமல் நேராகப் புகாருக்குப் போயிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நம்ம பக்கம் அதிகமாக நடக்கும் சண்டை வேறு. வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்துவிட்டு, பிறகு தரமாட்டேன் என்பான். நூல் கடைக்கார அண்ணன் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவரை என் வக்கீலம்மாவிடம் அனுப்பினேன். அவர் அந்தக் கேஸை எடுக்கவில்லை. பில், ஒப்பந்தம், பாக்கி என்று தகராறு போனால், இது வியாபார வழக்கு, எங்கள் எல்லைக்குள் வராது என்று நடுவர்கள் தள்ளிவிடுவது உண்டு என்று சொல்லி, உள்ளூரில் சிவில் வக்கீலைப் பார்க்கச் சொன்னாராம். எங்கள் பழைய வக்கீல் அண்ணன்தான் அந்தப் பாக்கியைப் பேசி முடித்து டொமைனை வாங்கிக் கொடுத்தார்.

ஃபீஸ் பேசும்போது இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வைப்போவுக்குக் கட்டுவது ஐந்து டொமைன் வரை ஒரு நடுவருக்கு 1,500 டாலர், மூன்று நடுவர் என்றால் 4,000. வக்கீல் ஃபீஸ் அதற்கு மேல். எதிராளி பதில் போட்டால் கூடுதல் ஃபீஸ் உண்டா, தீர்ப்புக்குப் பிறகு டொமைனை மாற்றும் வேலை இதில் சேர்ந்ததா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடைசி வேலையைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

எதிராளிக்குப் பதில் சொல்ல 20 நாள். நடுவர் அமர்ந்த பிறகு 14 நாளில் தீர்ப்பு. எங்களுக்குச் சாதகமாக வந்தது. அவன் கோர்ட்டுக்குப் போகிறானா என்று பார்க்க ரிஜிஸ்ட்ரார் பத்து வேலை நாள் காத்திருந்தார். பிறகு ஒரு மதியம் வக்கீலம்மா போனில் இருக்க, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டொமைனை எங்கள் கணக்குக்கு மாற்றினேன். தகவல் போகவேண்டிய மெயில் என்ற இடத்தில் என் ஐடியையும் ஆடிட்டர் ஐடியையும் போடச் சொன்னார். எத்தனை வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று கேட்டேன். அதிகபட்சம் பத்து என்றார். பத்துக்குக் கட்டினேன்.