லீவும் வெயிலும்: பிள்ளைகளோடு விடும் பிழைகளும் அவற்றைத் தவிர்க்கும் வழியும்

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். மத்தியானம் 12 மணி 10 நிமிடமளவில் முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பார்த்தால் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். ஆவணி (ஓகஸ்ட்) மாதக் கடைசியில் சூரியன் திரும்பவும் உச்சிக்கு வரும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டு வெயிலை ஒட்டித்தான்.

லீவில் பிள்ளைகளுக்கு வரும் வருத்தம், காயம், சண்டை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தால், அனேகமானவை நேரம் பிழைத்ததால் வந்தவை. வெப்பமானி 33 பாகைதான் காட்டும். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். பெரியவர்கள் களைத்தால் தாங்களாகவே இருந்துவிடுவார்கள். பிள்ளைகள் விளையாட்டு ருசியில் தலையிடிக்கும் வரை நிறுத்த மாட்டார்கள். ஆகவே ஓடியாடும் வேலை எதுவானாலும் காலமை 9.30க்கு முன்னும் பின்னேரம் 4 மணிக்குப் பின்னும் வையுங்கள். இடையில் உள்ள நேரம் விறாந்தைக்கும் வீட்டுக்கும் உரியது.

கடலுக்குப் பிந்தி வெளிக்கிடுவது

ஞாயிற்றுக்கிழமை காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் போவதென்று முடிவாகும். காலமை எழும்பிச் சமைத்து, பார்சல் கட்டி, மாமி வீட்டாரும் வந்து சேர 9.30 ஆகிவிடும். பட்டணத்திலிருந்து பொன்னாலைப் பாலத்தால் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். கடலில் கால் வைக்கும்போது பதினொரு மணி. நாளிலேயே கூடாத மூன்று மணித்தியாலத்தைப் பிள்ளைகள் தண்ணீருக்குள் கழிப்பார்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் தோல் எரிவது அப்போது தெரியாது, இரவுதான் தெரியும். ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ஏழு மணிக்குக் கடலில் இறங்கி, 9.30க்குக் கரையேறுங்கள். அது முடியாவிட்டால் பின்னேரம் நாலு மணிக்குப் போய்ச் சேருங்கள். வெள்ளை ரீசேட் போட்டு இறக்கினால் காணும் என்று நினைக்க வேண்டாம். நனைந்த மெல்லிய வெள்ளைத் துணிக்குள்ளால் வெயில் இறங்கும். நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி நல்லது.

மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி இறக்குவது எப்போதும் இடது பக்கத்தால் இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலது பக்கம். கடலுக்குப் போய் வரும் பிள்ளை அரைக் காற்சட்டையோடு வலது பக்கம் குதித்தால் கெண்டைக்காலில் சுடும். சுட்டால் பற்பசையும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். ஓடும் நல்ல தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் எரிவு குறைந்தாலும் 20 நிமிடமும் பிடிக்க வேண்டும், ஏனென்றால் தோலின் அடியில் சூடு தங்கி நிற்கும்.

கசூரினா கன தூரத்துக்கு ஆழமில்லாத கடல். அதனாலேயே பெற்றோர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். "இடுப்பளவு தண்ணிதானே" என்று சவுக்கு மர நிழலில் இருந்து போன் பார்ப்பது பெரிய பிழை. தகப்பனுக்கு இடுப்பளவு என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது கழுத்தளவு. தண்ணீரில் தாழும் பிள்ளை கை காட்டிக் கூப்பிடாது. வாயை மேலே எடுக்கவே அதற்குப் பலம் போதாது. பெரியவர் ஒருவர் பிள்ளையைவிட ஆழமான பக்கத்தில், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் போனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். "எல்லாரும் பாத்துக்கொண்டுதானே நிண்டம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆவணி லீவில் இன்னுமொரு ஆபத்து இருக்கிறது. கசூரினா வடக்கே பார்த்த கரை. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலையே இல்லாமல் கடல் சாதுவாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த ரியூப்பிலோ மிதவையிலோ இருக்கும் பிள்ளையை அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். சோளகம் வீசும் நாளில் ரியூப்பை வீட்டில் விட்டுவிடுங்கள். நீந்தத் தெரியாதவர் பின்னால் பாயவும் கூடாது. மூடி இறுக்கிய வெறும் 5 லீற்றர் போத்தலில் கயிறு கட்டிப் பக்கத்தில் வைத்திருந்தால் அதை எறியலாம்.

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்கப் பழக்குங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை, அசைவு தெரிந்தால் விலகிப் போகும். மிதித்தால்தான் முள்ளால் குத்தும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பெரியவர் முதலில் தன் கையை விட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும்.

கீரிமலைக் கேணியில் பிழை வேறு விதம். அங்கே படிகளில் பாசி. ஓடிவந்து கட்டிலிருந்து குதிக்க விடாதீர்கள். முதல் இறக்கம் கையைப் பிடித்துக்கொண்டு படியாலேதான்.

கடலைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள், அம்மம்மா வீட்டுக் கிணற்றை மறந்துவிடுவார்கள். கட்டின் உயரத்தை மட்டும் பார்க்காமல் கட்டுக்குப் பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். உடுப்புத் தோய்க்கும் கல், கவிழ்த்த வாளி, தொட்டி விளிம்பு எல்லாமே பிள்ளைக்கு ஏறுபடி. போய் இறங்கிய அன்றே அவற்றை நாலைந்து அடி தள்ளி வையுங்கள். நகர்த்த முடியாத கல் என்றால் கிணற்று வாயை வலையால் மூடுங்கள்.

தாகம் எடுத்த பிறகு குடிக்கக் கொடுப்பது

தாகம் தெரியும்போது உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே குறைந்திருக்கும். வெளியே விளையாடும் பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு ஒருக்கால் ஒரு சின்னத் தம்ளர், 100 முதல் 150 மில்லிலீற்றர் வரை கொடுங்கள். ஒரேயடியாக ஒரு போத்தலைக் குடிக்க வைத்தால் வயிறு ஊதிச் சத்தி எடுக்கும். காணுமா காணாதா என்று அறிய, காலமைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் பிள்ளை சலம் போனதா என்று கேளுங்கள். போகவில்லை, அல்லது கடும் மஞ்சளாகப் போனது என்றால் தண்ணீர் போதவில்லை.

சோடாவைத் தாகத்துக்குக் கொடுப்பது பழகிப்போன பிழை. போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் சீனி கூட. எங்கள் வீடுகளில் உள்ள மோர் இதைவிடத் திறம். ஒரு கப் தயிருக்கு மூன்று கப் தண்ணீர் விட்டுக் கடைந்து, இரண்டு சின்னவெங்காயம், சிறுதுண்டு இஞ்சி, நாலு கறிவேப்பிலை எல்லாவற்றையும் பொடியாக வெட்டிப் போட்டு, உப்பு அளவாகச் சேருங்கள். சின்னப் பிள்ளைக்கு வடித்துக் கொடுங்கள், பச்சை மிளகாய் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியும் நல்லது. பிள்ளையே பிழியட்டும், ஆனால் கையையும் வாயோரத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் வெளியே விட வேண்டும். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து, கறுப்புத் தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். அது எதனால் வந்ததென்று தெரியாமல் பூச்சி கடித்ததாக நினைத்து மருந்து பூசுவோர் பலர்.

சத்தி, வயிற்றோட்டம் என்றால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரையுங்கள். பைக்கற்றில் 1 லீற்றர் என்று போட்டிருந்தால் முழுப் பைக்கற்றையும் ஆறவைத்த 1 லீற்றர் கொதிநீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். அரைப் பைக்கற்றைக் கண்ணளவாக ஒரு தம்ளரில் போடுவது ஆபத்து, உப்புக் கூடிவிடும். சீனியும் சேர்க்கக்கூடாது. 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

வெயிலில் நின்ற பிள்ளைக்குத் தலையிடி, பிரட்டல், கால் பிடிப்பு வந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து உடுப்பைத் தளர்த்தி, உடம்பு முழுக்கக் கிணற்றுத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. பிள்ளை பிதற்றினால், கூப்பிட்டும் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும் வரை நனைப்பதை நிறுத்த வேண்டாம்.

கடற்கரைக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டில் தேங்காய்ச் சம்பலையும் பால் விட்ட கறியையும் தவிருங்கள். சூட்டோடு பார்சல் கட்டி வெயிலில் வைத்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ஆறவிட்டுக் கட்டிய புளிச்சாதமும் வாழைப்பழமும் அவித்த கடலையும் தாங்கும்.

மாங்காயும் நுங்கும்

அம்பலவியோ கறுத்தக் கொழும்பானோ, காம்பு முறியும்போது பால் சீறும். அந்தப் பால் பட்ட உதடு பொங்கிக் கறுக்கும். கல்லால் எறிந்து விழுத்திய மாங்காயை அங்கேயே கடிப்பதால் லீவு முழுக்கப் பிள்ளைகளின் வாயோரம் புண்ணாகத்தான் இருக்கும். இரண்டு அங்குலக் காம்போடு பறித்து, வீட்டுக்கு வந்து காம்பை முறித்து, காம்புப் பக்கம் கீழே இருக்க ஒரு மணித்தியாலம் மணலில் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு கழுவிச் சீவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடலாம். வெறுவயிற்றில் மட்டும் வேண்டாம்.

நுங்கில் பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். பெருவிரலை ஊன்றினால் சுலபமாக இறங்கித் தண்ணீர் தெறிப்பதுதான் பிள்ளைகளுக்கு ஏற்றது. விரல் இறங்காமல் இறுகியிருந்தால் அது சீக்காய். நுங்கு குளிர்ச்சிதானே என்று முற்றியதையும் பத்துப் பன்னிரண்டு கண் கொடுத்தால் வயிற்றுக்குத்து நிச்சயம். வெட்டுவது பெரியவர் வேலை, நோண்டிக் குடிப்பது பிள்ளையின் வேலை. ஸ்பூன் கொடுத்து அந்தச் சந்தோசத்தைக் கெடுக்க வேண்டாம்.

கோம்பைகளை எறியாதீர்கள். ஒரே பருமனான இரண்டு கோம்பை, ஓர் அடி நீளமான விரல் தடிப்புத் தடி, நாலடி நீளக் கவர்த்தடி ஆகியவை போதும், வண்டில் செய்யலாம். தடி கோம்பையின் நட்ட நடுவில் இறங்க வேண்டும்; அரை அங்குலம் விலகினாலும் வண்டில் நொண்டும். இங்கே பெற்றோர் விடும் பிழை, நொண்டுவதைக் கண்டதும் வாங்கித் தாங்களே திருத்துவது. ஏன் நொண்டுகிறது என்று பிள்ளை குனிந்து பார்க்கும் அந்தப் பத்து நிமிடம் எந்த லீவு வகுப்பிலும் கிடைக்காது. இரண்டு மூன்று நாளில் கோம்பை காய்ந்து சுருங்கி அச்சுக் கழரும். அடுத்த வண்டிலைப் பிள்ளை தானே செய்யும்.

சைக்கிள் பழக்குவது

பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி, சொல்லாமல் கையை விடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். பிள்ளை விழும், பயப்படும், பிறகு ஒரு கிழமைக்குத் தொடாது. காரணம், சமநிலை பிடிப்பதையும் பெடல் மிதிப்பதையும் ஒரே நேரத்தில் பழக்குவது. முதலில் இரண்டு பெடலையும் கழற்றுங்கள். 15 மில்லிமீற்றர் சாவி வேண்டும். வலது பெடல் வழமைபோல இடஞ்சுழியாகக் கழரும். இடது பெடலின் புரி எதிர்ப்புறமானது. வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலங்கொண்டு இறுக்கிப் புரியைத் தின்னவைப்பவர்கள்தான் கூட. சீற்றை இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படும் அளவுக்கு இறக்குங்கள். பிள்ளை உந்தி உந்திப் போகட்டும், காலமை அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம். ஏழெட்டு யார் தூரம் காலைத் தூக்கியபடி ஓடத் தொடங்கினால் பெடலைப் பூட்டலாம். அப்போதும் கைபிடியைப் பிடிக்காதீர்கள். பிள்ளையின் தோளுக்குக் கீழே லேசாகப் பிடியுங்கள். கைபிடியைப் பிடித்தால் சமநிலையை நீங்கள்தான் பழகுவீர்கள். பயிற்சிக்குக் கோயில் வீதி மணல் வேண்டாம், சில்லு புதையும். இறுகிய மண் நிலம் நல்லது.

மத்தியானமும் ரியூசனும்

லீவென்றதும் இரண்டு மணி வெயிலில் தகரக் கொட்டிலில் நடக்கும் ரியூசனுக்கு அனுப்புவது எவ்வளவு ஆசையோடு செய்தாலும் பிழைதான். அந்தச் சூட்டில் பிள்ளை கேட்பது பாதியும் மனதில் நில்லாது. புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளையானாலும் காலமை ஒன்றரை மணித்தியாலம் வீட்டில் படித்தால், மிச்ச நாளை விட்டுவிடலாம்.

போனை மத்தியானத்தில் கொடுப்பதில் தவறில்லை. "கொஞ்ச நேரம்" என்று கொடுப்பதுதான் தவறு. ஒரு மணிக்குத் தொடக்கம், இரண்டு மணிக்கு முடிவு என்று முதலே சொல்லுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கத்தில் போய் இருந்து, என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். தூரத்தில் நின்று கத்திப் பறிப்பதால்தான் அழுகை வருகிறது.

நல்லூருக்குப் போகும் நாளில் வீட்டில் வைத்தே பிள்ளையை அன்றைய உடுப்போடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் இலக்கத்தைப் பிள்ளையின் கையில் பேனையால் எழுதுங்கள். தேர்ச் சனத்துக்குள் தவறிவிட்டால் "நீலச் சேட்டா, பச்சைச் சேட்டா" என்று தாய்க்கே தடுமாறும்.

லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதே படுக்கும் நேரத்தை ஒவ்வொரு இரவும் 20 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கடைசி இரவில் அந்த 80 நிமிடத்தையும் ஒரேயடியாக இழுத்தால் பிள்ளைக்கு நித்திரை வராது. அதே நாட்களில் ஒரு பின்னேரம் பள்ளிக்கூடச் சப்பாத்தையும் போட்டுப் பாருங்கள், பின்னேரத்தில்தான் பாதம் சற்றுப் பெருத்திருக்கும். பிள்ளையை எழுப்பி நிற்கவைத்து, பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அமத்திப் பாருங்கள்.