அமெரிக்கக் கல்லூரிக்குக் கிராஃபிங் கால்குலேட்டர் வாங்குவதற்கு முன்

நம் ஊரில் பொறியியல் படித்தவர்களில் பலர் காசியோ 991 வரிசைக் கால்குலேட்டர் ஒன்றை வைத்துக்கொண்டே நான்கு ஆண்டுகளையும் முடித்திருப்பார்கள். அது தொகையிடலுக்கு விடை தரும், சமன்பாட்டைத் தீர்க்கும். சார்பின் வரைபடத்தை மட்டும் திரையில் வரைந்து காட்டாது. அமெரிக்கக் கல்லூரிகளின் கால்குலஸ், புள்ளியியல் வகுப்புகள் பலவற்றில் அந்த வசதி உள்ள கிராஃபிங் கால்குலேட்டர் மாணவர் கையில் இருக்கும் என்ற எண்ணத்திலேயே பாடம் நடக்கிறது.

அதற்காக விமானம் ஏறும் முன்பே வாங்கிவிட வேண்டாம். பாடத்தின் சிலபஸை முதலில் படியுங்கள். தேர்வில் கால்குலேட்டரே கூடாது என்று சொல்லும் பேராசிரியர்களும் உண்டு. அவ்வாறெனில் வீட்டுப்பாடத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் டெஸ்மோஸ் என்ற வரைபட இணையதளம் போதும். அனுமதி உண்டு என்றால், எந்த வகைக்கு என்று கேளுங்கள். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு 2எக்ஸ் என்று குறியீடாகவே விடை தருகிற, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டி.ஐ.) நிறுவனத்தின் டி.ஐ.-89 போன்ற கருவிகளுக்குத் தேர்வறையில் தடை இருப்பது வழக்கம்.

பெரும்பாலான வகுப்புகளுக்கு டி.ஐ.-84 பிளஸ் தாராளம். பேராசிரியர் கரும்பலகையில் எழுதும் பட்டன் வரிசை பெரும்பாலும் அதற்குரியதாகவே இருக்கும். காசியோ எஃப்.எக்ஸ்-9750 வரிசை அதைவிட மலிவு. கையேட்டைப் பார்த்துத் தாமே கற்றுக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கு அதையே சொல்வேன். வண்ணத் திரைக்கென்று கூடுதல் பணம் கொடுப்பது, என் கணக்கில், வீண்.

2004-இல் வெளிவந்த டி.ஐ.-84 பிளஸ் பழைய பொருளாக எளிதில் கிடைக்கும். வாங்கும்போது முதலில் பின்மூடியைக் கழற்றுங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். பிறகு புதிதாக நான்கு டிரிபிள்-ஏ பேட்டரிகளைப் போட்டு, ‘செகண்ட்’ பட்டனைத் தட்டிவிட்டு மேல்நோக்கிய அம்பை அழுத்திப் பிடித்தால் திரை மெல்லக் கறுத்துக்கொண்டே போகும். வெளுப்பாக ஒரு கோடு மேலிருந்து கீழ்வரை கறுக்காமல் நின்றால் திரையில் பழுது இருக்கிறது. மங்கலாகத் தெரிகிறது என்று விற்பவர் விலையைக் குறைத்திருந்தால், இந்த ஒரு பட்டனிலேயே அது சரியாகிவிடவும் வாய்ப்புண்டு.

அடுத்து சைன் எக்ஸை வரையச் சொல்லுங்கள். அலைக்குப் பதிலாக அச்சின்மேல் படுத்த கோடு வந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். கோண அளவு டிகிரியில் கிடக்கிறது, அவ்வளவுதான். ‘மோட்’ பக்கத்தில் ரேடியனுக்கு மாற்றினால் அலை எழும்பிவிடும். எண் பட்டன்கள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்கவும் மறவாதீர்கள்.

ஒரே ஒரு செமஸ்டருக்குத்தான் கணிதம் என்றால், கடைக்குப் போகும் முன் கல்லூரி நூலகத்தில் விசாரியுங்கள். புத்தகத்தைப் போலவே கால்குலேட்டரையும் இரவல் தரும் நூலகங்கள் அங்கே இருக்கின்றன.