திமிங்கிலத்தை வகைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திமிங்கிலம் பாலூட்டி என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால்தான் சறுக்குகிறார்கள். "நுரையீரலால் மூச்சு விடுகிறது, குட்டி போடுகிறது" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். இரண்டும் உண்மைதான், ஆனால் காரணமாகப் போதாது. கடலாமைக்கும் நுரையீரல் உண்டு. பல சுறாக்களும் குட்டி போடுகின்றன. குட்டிக்குப் பால் கொடுப்பது, நடுச்செவியில் மூன்று சிற்றெலும்புகள், பிறக்கும்போதாவது முகத்தில் சில மயிர்கள் என்று எழுதினால்தான் விடை நிற்கும். உயிரினங்களுக்கு முறையாகப் பெயரிட்ட லின்னேயஸே 1735இல் திமிங்கிலத்தை மீன்களோடு வைத்துவிட்டு, 1758இல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார்.

அடுத்தது, இன்னும் பரவலான தவறு. திமிங்கிலங்களுக்கு "செட்டேசியா" என்று தனி வரிசை போட்டு அதோடு நிறுத்திவிடுவது. பழைய பாடநூல்களில் அப்படித்தான் இருக்கும். இன்றைய வகைப்பாட்டில் திமிங்கிலங்கள், மாடு, மான், பன்றி, ஒட்டகம் அடங்கிய இரட்டைக் குளம்பிகள் வரிசைக்குள்ளேயே வருகின்றன. காலே இல்லாத விலங்குக்கு ஏது குளம்பு என்று தோன்றும். சான்று கணுக்காலில் கிடைத்தது. ஆட்டின் கணுக்கால் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலும் கீழும் கப்பி போன்ற பள்ளம் தெரியும். உயிரோடிருக்கும் பாலூட்டிகளில் இந்த வரிசைக்கு மட்டுமே உரிய அமைப்பு அது. பாகிஸ்தானில் கிடைத்த, கால்கள் இருந்த பழங்காலத் திமிங்கிலங்களின் புதைபடிவங்களிலும் அதே இரட்டைக் கப்பி இருந்தது 2001இல் வெளியானது. மரபணு ஆய்வுகள் அதற்கு முன்பே நீர்யானையைக் கைகாட்டியிருந்தன. இன்று வாழும் விலங்குகளில் திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். ஒரு எலும்பும் மரபணுவும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்வதைவிட நல்ல சான்று எது?

அதற்காக "நீர்யானையிலிருந்து திமிங்கிலம் வந்தது" என்று எழுதிவிடக் கூடாது. இரண்டுக்கும் பொது மூதாதை ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஜம்மு காஷ்மீரில் ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் சேகரித்து வைத்த பாறைகளிலிருந்து வெளிவந்த இந்தோஹையஸ் என்ற பழங்கால விலங்கும் நேரடி மூதாதை இல்லை. பூனையளவே இருந்த அந்தக் குளம்பு விலங்கின் காதெலும்பு மட்டும் திமிங்கிலத்தினுடையதைப் போலவே தடித்திருந்தது. நெருங்கிய பங்காளி என்று சொல்லலாம்.

டால்பினையும் திமிங்கிலத்தையும் எதிரெதிராக நிறுத்துவதும் தவறு. பிரிவு வேறு இடத்தில் இருக்கிறது: நார்த்தகடுகளால் இரையை வடிகட்டும் பலீன் திமிங்கிலங்கள் ஒரு பக்கம், பல்லுள்ளவை மறுபக்கம். தலைமேல் மூச்சுத்துளை இரண்டு இருந்தால் முதல் வகை, ஒன்றே இருந்தால் இரண்டாவது. நீலத் திமிங்கிலம் முதல் வகை. எண்ணெய்த் திமிங்கிலமும் டால்பின்களும் இரண்டாவது. அந்த டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியது, கொலையாளித் திமிங்கிலம் என்று சொல்லப்படும் ஓர்க்கா. 2016 ஜனவரியில் மணப்பாடு கடற்கரையில் கூட்டமாக ஒதுங்கிய பைலட் திமிங்கிலங்களும் அதே குடும்பம்தான்.

கடைசியாக, உருவத்தைப் பார்த்து உள்ளே சேர்க்கக் கூடாதவை இரண்டு. திமிங்கிலச் சுறா செவுளால் சுவாசிக்கும் மீன். அதன் வால் பக்கவாட்டில் அசையும், திமிங்கிலத்தின் வாலோ மேலும் கீழும் அசையும். பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடல்பசு பாலூட்டிதான், ஆனால் அதன் சொந்தம் யானையோடு.