பிள்ளையின் உடையைப் பள்ளி தடுத்தால் என்ன செய்வது: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

"உங்கள் பையன் போட்டிருக்கும் டி-ஷர்ட் டிரஸ் கோடுக்கு ஒத்துவராது, வேறு சட்டை கொண்டு வாருங்கள்" என்று பள்ளி அலுவலகத்திலிருந்து போன் வந்தால், நம்மவர்கள் ஒன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வேறு சட்டையோடு ஓடுவார்கள், இல்லாவிட்டால் கேஸ் போடுவேன் என்று குதிப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிள்ளை போட்டிருப்பது ஒரு கருத்தா, மத அல்லது பண்பாட்டு அடையாளமா, வெறும் ஃபேஷனா? மூன்றுக்கும் சட்டம் வேறு, உங்கள் பலமும் வேறு. எல்லாவற்றுக்கும் "ஃப்ரீ ஸ்பீச்" என்று ஒரே மந்திரத்தைச் சொன்னால் வேலைக்கு ஆகாது. கிழிந்த ஜீன்ஸுக்கும் அதையே சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் பிரின்சிபல்.

இங்கே சொல்வதெல்லாம் அரசு நடத்தும் பப்ளிக் ஸ்கூலுக்குத்தான். பேச்சுரிமையையும் மதச் சுதந்திரத்தையும் காக்கும் அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதலாம் சட்டத்திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் பள்ளியின் கையை இல்லை. கலிபோர்னியாவில் மட்டும் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பேச்சுரிமைச் சட்டம் ஒன்று உண்டு, அதிலும் மதப் பள்ளிகளுக்கு விலக்கு இருக்கிறது.

போன் வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்த விதி, அது எங்கே எழுதியிருக்கிறது? ஸ்டூடண்ட் ஹேண்ட்புக் ஒன்று இருக்கும், அதற்கு மேலே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டின் போர்டு பாலிசி ஒன்று இருக்கும். இரண்டையும் டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்டில் தேடி அன்றைய தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். சில நேரம் ஹேண்ட்புக்கில் இல்லாத ஒன்றை ஒரு ஆசிரியர் தன் ரசனைக்கு ஏற்ப விதியாக்கிக்கொண்டிருப்பார். அப்படி என்றால் "பக்கம் எது என்று காட்ட முடியுமா?" என்ற பணிவான கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடும்.

சரி, முதல் வகைக்கு வருவோம், கருத்து. இதில்தான் சட்டம் பிள்ளையின் பக்கம் அதிகமாக நிற்கிறது. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்து டி மோய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். பள்ளி அவர்களைச் சஸ்பெண்ட் செய்தது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேச்சுரிமை பள்ளி வாசலில் கழற்றிவிட்டுப் போகும் செருப்பு இல்லை என்கிற பொருளில் நீதிபதி ஏப் ஃபோர்ட்டாஸ் எழுதினார். அந்த வரியை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பிரின்சிபலிடம் பேசும்போது உங்களுக்கு உதவப்போவது தீர்ப்பின் வேறு இரண்டு இடங்கள். ஒன்று, ஏதாவது கலாட்டா வருமோ என்ற பொத்தாம்பொதுவான பயம் தடைக்குப் போதாது, பாடம் நடப்பது உண்மையிலேயே கெடும் என்று நினைக்கப் பள்ளியிடம் காரணம் இருக்க வேண்டும், அல்லது மற்ற மாணவர்களின் உரிமை மிதிபட வேண்டும். இரண்டு, மற்ற அரசியல் பேட்ஜ்களையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கறுப்புப் பட்டியை மட்டும் பிடித்தார்கள் என்பதை நீதிமன்றம் குறித்துக்கொண்டது. ஆகவே வேறு பிள்ளைகள் கட்சிச் சட்டையும் தேர்தல் தொப்பியும் போட்டுக்கொண்டு திரிகிறார்களா என்று பார்த்து வையுங்கள்.

ஈழத்துப் பெற்றோருக்கு இது நேரடியாகப் பொருந்தும். மே 18 அன்று முள்ளிவாய்க்காலை நினைத்து பிள்ளை கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு போனால், அது ஏறக்குறைய டிங்கர் வழக்கேதான், தடுப்பது கடினம். புலிக்கொடி போட்ட டி-ஷர்ட் வேறு கதை. அந்த இயக்கம் 1997-லிருந்து அமெரிக்காவின் பயங்கரவாத இயக்கப் பட்டியலில் இருக்கிறது, பள்ளி அந்தப் பட்டியலையும் ஹேண்ட்புக்கில் இருக்கும் "வன்முறை" விதியையும் சேர்த்துக் காட்டும், அந்தச் சண்டையில் இறங்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். தமிழில் ஏதோ எழுதியிருக்கிறது, எங்களுக்குப் புரியவில்லை, அதனால் கூடாது என்று யாராவது சொன்னால் அது காரணமே ஆகாது. என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்த்து இரண்டு வரி அனுப்புங்கள்.

இந்த உரிமைக்கு எல்லை இல்லாமல் இல்லை. ஆபாசமான பேச்சைப் பள்ளி தண்டிக்கலாம் என்று 1986-லும், பள்ளியே நடத்தும் பத்திரிகையில் எதைப் போடுவது என்று பள்ளி முடிவு செய்யலாம் என்று 1988-லும், போதைப்பொருளை ஊக்குவிக்கும் வாசகத்தைத் தடுக்கலாம் என்று 2007-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கீழே மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் கதை இன்னும் குழப்பம். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் கொஞ்சம் குறும்பான வாசகம் போட்ட வளையல் அணிந்த பென்சில்வேனியா மாணவிகள் 2013-ல் ஜெயித்தார்கள். கலிபோர்னியாவின் மோர்கன் ஹில்லில் மெக்சிகோ விழா நாளன்று அமெரிக்கக் கொடிச் சட்டை போட்ட மாணவர்கள், ஆமாம், அமெரிக்காவில் அமெரிக்கக் கொடி, 2014-ல் தோற்றார்கள், ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டு அதே நாளில் அந்தப் பள்ளியில் மோதல் நடந்திருந்தது. மாசசூசெட்ஸில் பாலினம் இரண்டுதான் என்ற சட்டை போட்ட மாணவனும் 2024-ல் தோற்றான், உச்ச நீதிமன்றம் 2025-ல் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி: "இதனால் இந்தப் பள்ளியில் முன்பு ஏதாவது நடந்திருக்கிறதா?" "இல்லை" என்பது பதில் என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது வகைதான் நம் வீடுகளில் அடிக்கடி வருவது. பொட்டு, விபூதி, மூக்குத்தி, ருத்ராட்சம், கையில் கயிறு, பழனியிலோ திருப்பதியிலோ மொட்டை போட்டு வந்த பிள்ளைக்குத் தொப்பி. இதில் தடை வரும்வரை காத்திருக்காதீர்கள். ஊரிலிருந்து திரும்பியதும், பள்ளிக்குப் போவதற்கு முன்பே, பள்ளிக் கவுன்சிலருக்கும் அசிஸ்டன்ட் பிரின்சிபலுக்கும் நாலு வரி மெயில் போட்டால் முக்கால்வாசி இடத்தில் "நோ ப்ராப்ளம்" என்று பதில் வந்துவிடும்.

வராவிட்டால் "இது உங்கள் மதத்தில் கட்டாயமா?" என்று கேட்பார்கள். நம்மவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள், ஏனென்றால் நேர்மையான பதில் பெரும்பாலும் "கட்டாயம் இல்லை, ஆனால் வழக்கம்" என்பதுதான். தயங்காமல் அதையே சொல்லுங்கள். மனப்பூர்வமான நம்பிக்கையா என்பதுதான் அமெரிக்க நீதிமன்றங்கள் பார்ப்பது, சாஸ்திரத்தில் எந்தப் பக்கம் என்று இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தென்னிந்திய வம்சாவளி மாணவி ஒருத்தி மூக்குத்தி போட்டதற்குப் பள்ளி தடை போட, 2007-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், கட்டாயமில்லாமல் விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று அவள் பக்கம் நின்றது. அந்த மாணவியின் குடும்பப் பெயர் பிள்ளை (Pillay), அதனால் பிள்ளை வழக்கு என்றே அதற்குப் பெயர். அது அமெரிக்கப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் விவரம் தெரியாத பிரின்சிபலுக்கு மூக்குத்தி என்றால் என்ன என்று விளக்க அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

அமெரிக்காவுக்குள் என்றால் மாநிலத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் விதி என்றால் மத்தியச் சட்டம் மட்டும் சில நேரம் கைகொடுக்காது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் தனி மதச் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, அதை வைத்துத்தான் நீட்வில் என்ற ஊரில் நீண்ட சடையை வெட்ட மறுத்த பூர்வகுடிச் சிறுவன் 2010-ல் ஜெயித்தான். மருத்துவக் காரணத்துக்குத் தொப்பி அனுமதிக்கும் பள்ளி, மொட்டைத் தலைக்கு மட்டும் மறுத்தால் உங்கள் வாதம் இன்னும் பலமாகிறது. பட்டமளிப்பு நாளன்று அங்கிக்கு மேல் மத, பண்பாட்டு அடையாளம் அணிவதற்குக் கலிபோர்னியாவில் சட்டமே இருக்கிறது.

மூன்றாவது வகை, வெறும் ஃபேஷன். இதில் பெரும்பாலும் தோற்பீர்கள், அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். டிங்கர் தீர்ப்பே பாவாடை நீளத்தையும் தலைமுடியையும் பற்றித் தான் பேசவில்லை என்று சொல்லிவிட்டது, சீருடை வழக்குகளிலும் பள்ளிகளே ஜெயித்திருக்கின்றன. ஆனால் விதி பெண் பிள்ளைகளை மட்டும் குறிவைத்தால் அது பேச்சுரிமைப் பிரச்சினை இல்லை, சம உரிமைப் பிரச்சினை. பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்ற வட கரோலினா சார்ட்டர் பள்ளியின் (அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் பள்ளி) விதி 2022-ல் செல்லாது என்றானது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, உடை விதிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் வழக்கமாக அணியும் உடையைத் தடுக்கின்றன, ஆண்கள் அணிவதைத் தடுப்பவை 69 சதவீதம். உங்கள் மகளின் தோள்பட்டையை யாராவது ஸ்கேல் வைத்து அளந்தால் இந்த அறிக்கையை மெயிலில் இணையுங்கள்.

இப்போது அந்த நாளில் பிள்ளை என்ன செய்ய வேண்டும். சட்டையை மாற்றச் சொன்னால் மாற்றிக்கொண்டு, "எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அம்மா அப்பாவிடம் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போகட்டும். கோழைத்தனம் என்று பிள்ளைக்குத் தோன்றும். ஆனால் மறுத்து நின்றால் வழக்கு உடையைப் பற்றியது என்பது போய், கீழ்ப்படியாமையைப் பற்றியதாக மாறிவிடும், அதில் பள்ளிக்குத்தான் பலம். சட்டையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், யார் எத்தனை மணிக்கு என்ன வார்த்தையில் சொன்னார் என்று அன்று இரவே பிள்ளையைத் தன் கைப்பட எழுதச் சொல்லுங்கள். சஸ்பெண்ட் செய்வதாக இருந்தால், உச்ச நீதிமன்றம் 1975-ல் வகுத்த விதிப்படி, ஒரு நாள் என்றாலும் குற்றம் என்ன என்று சொல்லி, பிள்ளையின் தரப்பைக் கேட்டாக வேண்டும்.

அப்புறம் மெயில். கோபம் வேண்டாம், "நாங்கள் 15 வருஷமாக வரி கட்டுகிறோம்" வேண்டாம். நடந்தது என்ன, எந்த விதி என்று சொன்னார்கள், அந்த உடையின் பொருள் என்ன, பாடத்துக்கு என்ன இடையூறு நடந்தது என்ற கேள்வி, பிள்ளையின் பதிவிலிருந்து இதை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். அவ்வளவுதான். நேரில் பேசினாலும் வீட்டுக்கு வந்து "இன்று நாம் பேசியது இது" என்று ஒரு மெயில் போடுங்கள். பிரின்சிபல், அடுத்து டிஸ்ட்ரிக்ட் அலுவலகம், அடுத்து சூப்பரிண்டெண்டெண்ட், கடைசியாக ஸ்கூல் போர்டு என்று படிப்படியாகப் போங்கள். முறையீட்டுக்குக் கெடு உண்டு, சில டிஸ்ட்ரிக்டில் அது மிகக் குறைவு, அதை முதல் நாளே பாலிசியில் தேடுங்கள்.

வெளி உதவிக்கு, குடிமக்கள் உரிமைக்காக வழக்காடும் ஏசிஎல்யு (ACLU) அமைப்பின் மாநிலக் கிளைக்கு எழுதலாம், காசு கிடையாது. மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், ஆனால் மதம் மட்டும் என்றால் அங்கே எடுபடாது, இனம், வம்சாவளி, பாலினம் சார்ந்த பாகுபாடாக இருக்க வேண்டும். 2025-ல் அதன் வட்டார அலுவலகங்களில் பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள், சீக்கிரம் பதில் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். கோர்ட் என்றால் வருடக்கணக்கு. டிங்கருக்கே மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

விசாவில் இருப்பவர்கள் பயப்படுவது தெரியும். பொட்டுக்கும் மூக்குத்திக்கும் பள்ளியில் முறையிடுவதற்கு அந்தப் பயம் தேவையில்லை. ஆனால் சட்டையில் இருப்பது சூடான வெளிநாட்டு அரசியல் என்றால், 2025-ல் பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர்கள் சிலருக்கு அவர்கள் சொன்ன கருத்துக்காக விசா சிக்கல் வந்தது நடந்த கதை, ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

போர்டு கூட்டத்தில் பேசுவதாக இருந்தால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும், இரண்டு மூன்று நிமிஷம்தான் தருவார்கள், எழுதி வைத்துக்கொண்டு நேரம் பார்த்துப் படித்துப் பழகுங்கள். பல இடங்களில் வீடியோ யூடியூபில் ஏறிவிடும், அதனால் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சொல்லாதீர்கள். பிள்ளை தானே பேச விரும்பினால் விடுங்கள், விரும்பாவிட்டால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மறுநாள் அந்தப் பள்ளிக்குப் போகப்போவது பிள்ளைதான்.