கிண்ணத்துக்கு மூக்கு இருந்தது: லிமோஜ் பேழைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவியின் பட்டியல் குறிப்பைத் திருத்த உட்கார்ந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியதையே படிப்பது போலிருந்தது, பிழை உட்பட. பொருள், பிரான்சின் லிமோஜ் நகரில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்த எனாமல் திருப்பண்டப் பேழை, அதாவது புனிதர்களின் எலும்பு போன்ற நினைவுப் பொருள்களை வைக்கும், வீடு போலச் சரிந்த கூரையுள்ள சிறு பெட்டி. செப்புத் தகட்டில் குழி வெட்டி, நிறக் கண்ணாடிப் பொடி நிரப்பிச் சூளையில் சுட்டு, பொன் பூசி, மரப்பெட்டியின் மேல் பதிப்பார்கள். ஊர், காலம் தவறினால் புத்தகத்தைப் புரட்டித் திருத்திக்கொள்ளலாம். அதை விடுகிறேன். தகட்டில் இருப்பது யார், நடப்பது என்ன என்று தவறாகப் படிப்பதைத்தான் சொல்கிறேன்.

வாளைக் கண்டதும் பெக்கெட் என்பது

கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட், 1170 டிசம்பர் 29 அன்று தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1173இல் புனிதர் பட்டம். லிமோஜ் பட்டறைகள் அந்தக் கொலையைப் பேழை பேழையாகச் செய்து தள்ளின. ஏறத்தாழ ஐம்பது இன்றும் இருக்கின்றன. அதனால் வாள், பீடம், ஆயர் (பிஷப்) மூன்றும் ஒரே தகட்டில் வந்தால் கை தானாகவே ‘பெக்கெட்’ என்று எழுதிவிடும். என் கையும் எழுதியது.

என்னிடம் இருந்தது உள்ளங்கை அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். இடப்பக்கம் வாள் ஓங்கியவன், அவன் எதிரே மண்டியிட்ட ஓர் உருவம். வலப்பக்கம் பீடத்தருகே ஆயர். அவரிடம் எதையோ நீட்டும் நீள அங்கிக்காரர். கொலையாளி, பெக்கெட், இன்னொரு பாதிரியார், கிண்ணம் நீட்டும் பூசை உதவியாளர் என்று கணக்கை முடித்தேன். அச்சேறியது. பிறகுதான் பேழையை நேரில் பார்த்தேன். கிண்ணத்துக்கு மூக்கு இருந்தது.

அது புனித வலேரி, லிமோஜின் சொந்தப் புனிதை. வெட்டுண்ட தன் தலையைத் தானே ஏந்திப் போய், திருப்பலி (பூசை) செய்துகொண்டிருந்த ஆயர் மார்ஷியாலிடம் கொடுத்தவர் என்பது கதை. மண்டியிட்டவரும் நீட்டுபவரும் ஒரே பெண். நிறத்தில் பார்த்தால் அங்கியே காட்டிக்கொடுக்கிறது. இரண்டு நேரத்து நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் நடந்ததாகப் படித்திருக்கிறேன். வாள் ஆயர் பக்கமே திரும்பவில்லையே என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. பிழைதிருத்தச் சீட்டு அடித்து, பிரதி பிரதியாக ஒட்டினார்கள். அந்தப் பசை வாடை இன்னும் எனக்கு ஆகாது.

ஆகவே, எத்தனை பேர் என்று எண்ணும் முன் எத்தனை காட்சி என்று எண்ணுங்கள். கூரைச் சரிவையும் விடாதீர்கள். குழந்தை இயேசுவைக் காண வந்த மூவரசர்களைக் காட்டும் பேழைகளில், கீழே குழந்தையை வணங்குகிறவர்களேதான் மேலே குதிரையில் வருகிறார்கள். அவர்களை வேறு மூன்று வீரர்களாக்கிய குறிப்பையும் பார்த்துவிட்டேன்.

தலையை நம்புவது

பல பேழைகளில் உடல் தகட்டோடு சேர்ந்தது, தலை மட்டும் தனியாகச் செய்து ஆணியில் பொருத்தியது. விழும், தொலையும், பிற்காலத்தில் யாராவது வேறு தலை வைப்பார்கள். ஆளை அடையாளம் காண முகத்தை நம்பாமல் கைகளைப் பாருங்கள்.

துணியில் ஏந்திய ‘குழந்தை’

குழந்தை இயேசு அல்ல, இறந்தவரின் ஆன்மா. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள பெக்கெட் பேழையின் கூரையில், அவரை அடக்கம் செய்யும் காட்சியை அடுத்து, வானதூதர்கள் அந்த ஆன்மாவைத் தூக்கிச் செல்வதைக் காணலாம்.

நீலம்

மரியன்னையின் அடையாளம் என்று எழுதாதீர்கள். லிமோஜில் நீலம் யாருக்கும் வரும்.

படத்தைச் சாட்சியாக்குவது

பெக்கெட்டை வெட்ட வந்த வீரர்கள் நால்வர். தகட்டில் பெரும்பாலும் மூவரோ இருவரோதான் நிற்பார்கள்; இடம் அவ்வளவுதான். பீடத்தில் கிண்ணம் இருக்கும், ஆனால் கொலை நடந்த அந்த மாலையில் அவர் திருப்பலி செய்துகொண்டிருக்கவில்லை. பூசைப் பலியோடு அவர் சாவைச் சேர்த்துக் காட்ட நினைத்தவர்கள் வைத்த கிண்ணம் அது.

மாணவிக்கு இவ்வளவும் எழுதவில்லை. குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரிதான்: ‘அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாரும்மா.’